சேகரிப்பையும் நிதியையும் ஒரே அமர்வில் பேசுங்கள்: காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்டல ஆவணக் காப்பாளர் கூட்டத்தில் கலந்துகொள்ளும் சக காப்பாளர்களுக்கும், நிதி தரும் அமைப்புகளின் சார்பில் வருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தது. முற்பகலில் சேகரிப்புத் திட்டம், பிற்பகலில் நிதி ஆதாரம் என்று இரண்டு அமர்வுகள். நமக்கு இது பழகிய ஏற்பாடுதான். காலையில் யாருடைய தாள்களை வாங்க வேண்டும், எந்தத் துறையில் இடைவெளி இருக்கிறது என்று உற்சாகமாகப் பேசுவோம். மாலையில் ஆள் இல்லை, அலமாரி இல்லை, மானியம் இல்லை என்று பேசுவோம். காலையில் போட்ட பட்டியலுக்கு மாலையில் யாரும் விலை போட்டுப் பார்ப்பதில்லை. இந்த முறை அந்த இரண்டு அமர்வுகளையும் ஒன்றாக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் ஒரு சிறிய காப்பகத்தில் வேலை செய்கிறேன். வருகிற தொகுப்புகளைப் பிரித்து, அடுக்கி, விவரப் பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது, முடிவுத் தேதியே இல்லாத ஒரு செலவையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறோம். "நன்கொடையாகத்தானே வந்தது" என்று நிர்வாகம் சொல்லும். அந்தச் சொல்லை நம்பித்தான் பல காப்பகங்களில் பிரிக்கப்படாத பெட்டிகள் கூரை வரைக்கும் ஏறி நிற்கின்றன.

நிதி தருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு சங்கத்தின் முன்னாள் செயலாளர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி வருகிறது என்று வையுங்கள். தீர்மானப் புத்தகங்கள், கடிதங்கள், வரவு செலவுக் குறிப்பேடு, புகைப்பட ஆல்பம், ஒலிநாடாக்கள், ஒரு பென் டிரைவ். முதலில் அந்தப் பெட்டியைச் சேமிப்பறைக்குள் கொண்டுபோகக் கூடாது. தனி அறையில் வைத்துப் பூச்சி இருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராமபாணப் பூச்சி மேய்ந்த தாள் மேல்தோலைச் சுரண்டி எடுத்ததுபோல் இருக்கும். கரையான் என்றால் நடுவில் துளையே விழுந்திருக்கும். அப்புறம் கட்டுகளைப் பிரிக்க வேண்டும். ரப்பர் பேண்டு முதலில் இளகி, பிறகு காய்ந்து, தாளோடு தாளாக ஒட்டிப்போயிருக்கும். ஜெம் கிளிப்பின் துரு, கிளிப்பின் வடிவத்திலேயே கடிதத்தில் பழுப்பாக இறங்கியிருக்கும். யாரோ அக்கறையாக ஒட்டிய செலோ டேப்பின் மேல்தாள் உரிந்து வந்துவிடும், பசை மட்டும் மஞ்சள் கறையாக எழுத்தின்மேலேயே தங்கிவிடும். கடிதங்களுக்கு நடுவே செருகிய செய்தித்தாள் துண்டு இரண்டு பக்கத்திலும் தன் நிழலைப் பதித்திருக்கும். மலிவான தாளில் உள்ள அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவுவதால் வருவது அது.

இவ்வளவும் செய்யும்போது தாள்கள் இருந்த வரிசை குலையக் கூடாது. எந்தக் கடிதம் எந்தக் கோப்பில் இருந்தது என்பதே ஒரு சான்று. பிறகுதான் படிப்பது, விவரம் எழுதுவது. அதிலும் நின்று யோசிக்க வேண்டிய இடங்கள் உண்டு. ஒரு கடிதத்தில் உயிரோடு இருக்கும் ஒருவரின் நோய் பற்றிய செய்தி இருக்கும். அதைத் திறந்து வைக்கலாமா? பெட்டியைக் கொடுத்தவர் தாள்களுக்குத்தான் உரிமையாளர். அவருக்கு வந்த கடிதங்களின் பதிப்புரிமை அவற்றை எழுதியவர்களிடமே இருக்கும். இதையெல்லாம் நன்கொடை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவில்லை என்றால், பிற்காலத்தில் அந்தத் தொகுப்பைப் பயன்படுத்த வருகிற ஆய்வாளருக்கு நாம் பதில் சொல்ல முடியாது.

இந்த வேலைக்கு எவ்வளவு நேரம்? அமெரிக்கக் காப்பாளர்கள் மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் இருவரும் 2005இல் இந்தக் கேள்வியை நேராக எடுத்தார்கள். பிரிக்காத பெட்டிகளின் தேக்கம் மலைபோல் வளர்வதற்குக் காரணம், நாம் ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகச் சீராட்டுவதுதான் என்றார்கள். 20ஆம் நூற்றாண்டுத் தொகுப்புகளைச் சராசரியாக ஒரு கன அடிக்கு 4 மணி நேரத்தில் முடிக்கலாம், சீரான குளிரும் ஈரப்பதமும் உள்ள அறையில் பின்களைக் கழற்றாமலே விடலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் பெரும்பகுதி உடன்பாடுதான். விவரப் பட்டியல் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் நூறு பெட்டிகளைவிட, மேலோட்டமாகவாவது பட்டியல் போட்டுத் திறந்து வைத்த நூறு பெட்டிகள் மேல். ஆனால் அந்த வாதம் குளிர்சாதனம் ஓடும் அறையை நம்பி நிற்கிறது. மின்சாரம் போய்ப் போய் வரும் கட்டடத்தில், காற்றில் ஈரம் கூடுதலாக உள்ள இடத்தில், பின் துருப்பிடிக்கத்தான் செய்யும். அங்கே நேரம் கூடும்.

சரி, 4 மணி நேரம் என்றே வைப்போம். ஆவணங்கள் போடும் வழக்கமான அட்டைப்பெட்டி ஏறத்தாழ ஒரு கன அடி. 250 பெட்டிகள் கொண்ட ஒரு தொகுப்புக்கு 1000 மணி நேரம் ஆகும். ஒருவர் வேறெந்த வேலையும் பார்க்காமல் உட்கார்ந்தால் சுமார் அரை வருடம். அந்த அரை வருடச் சம்பளத்தையும், அமிலமற்ற உறைகளின் விலையையும், அலமாரியில் அது பிடிக்கும் நீளத்தையும் பெட்டிகள் வரும் முன்பே ஒரு தாளில் எழுதினோமா? எழுதிய காப்பகங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது என்பது நம் தொழிலில் பழைய விவாதம். பிரிட்டிஷ் காப்பாளர் ஹிலாரி ஜென்கின்சன் 1922இல், தேர்ந்தெடுப்பது காப்பாளரின் வேலை இல்லை, வந்ததை மாசுபடாமல் காப்பதே அவர் கடமை என்றார். அரசு அலுவலகங்கள் தாள்களைக் கொட்டத் தொடங்கிய பிறகு அந்த நிலையில் நிற்க முடியவில்லை. 1950களில் அமெரிக்கக் காப்பாளர் தியோடர் ஷெல்லன்பெர்க், மதிப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதும் காப்பாளரின் பொறுப்பே என்று நிறுவினார். இன்று அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம், அந்நாட்டு நடுவண் அரசின் பதிவுகளில் 1 முதல் 3 சதவீதத்தைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறது. அரசுப் பதிவுகளுக்கு இப்படி ஒரு சல்லடை இருக்கிறது. தனியார் தொகுப்புகளுக்கு அது இல்லை. யார் வீட்டில் இடம் இருந்ததோ, யாருடைய பிள்ளைகள் அக்கறையானவர்களோ, அவர்களுடைய தாள்கள் நம்மிடம் வந்து சேர்கின்றன. வாடகை வீடு மாறி மாறிப் போனவர்களின் தாள்கள் வருவதே இல்லை.

அமெரிக்கக் காப்பாளர் ஹெலன் சாமுவேல்ஸ் 1986இல் முன்வைத்த யோசனை இங்கேதான் உதவும். என்ன வந்திருக்கிறது என்று ஒவ்வொரு காப்பகமும் தன் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்காமல், ஒரு வட்டாரத்தில் அல்லது ஒரு துறையில் எது பதிவாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும், பிறகு யார் எதை எடுத்துக்கொள்வது என்று பிரித்துக்கொள்ளட்டும் என்றார். நம் மண்டலக் கூட்டம் இதற்கென்றே அமைந்த இடம். ஆனால் நாம் அங்கே நம் புதிய சேர்க்கைகளைச் சொல்லிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறோம்.

பிரித்துக்கொள்ளாததன் விளைவு நம் கண்முன்னே இருக்கிறது. பெயர் பெற்ற ஓர் எழுத்தாளர் மறைந்தால் அவர் குடும்பத்தை மூன்று காப்பகங்கள் அணுகும். கடைசியில் தொகுப்பு துண்டு துண்டாகி, கையெழுத்துப் படிகள் ஓரிடத்திலும் கடிதங்கள் இன்னோரிடத்திலும் போய்ச் சேரும். அதே நேரத்தில் கூட்டுறவுச் சங்கங்கள், தொழிற்சங்கக் கிளைகள், பெண்கள் அமைப்புகள், புலம்பெயர்ந்து வந்து வேலை செய்கிறவர்களின் குழுக்கள் ஆகியவற்றின் பதிவுகள் எடைக்குப் போகும். அவற்றைக் கேட்டு யாரும் போவதில்லை. கேட்டு வருகிறவர்களும் எங்கே கொடுப்பது என்று தெரியாமல் திரும்பிப் போகிறார்கள்.

பிரித்துக்கொள்வது நடக்காத காரியம் இல்லை. வெளிநாட்டு நூல்களை வாங்கும் பொறுப்பை அமெரிக்க நூலகங்கள் 1948இல் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. ஃபார்மிங்டன் திட்டம் என்று அதற்குப் பெயர். 1972 வரை ஓடியது. விஸ்கான்சின் மாநில வரலாற்றுச் சங்கம் தன் ஆவணங்களை மாநிலம் முழுக்கப் பல்கலைக்கழக மையங்களில் பிரித்து வைத்திருக்கிறது. ஆய்வாளர் ஒரு மையத்தில் கேட்டால், இன்னொரு மையத்தில் இருக்கும் தொகுப்பைத் தற்காலிகமாக அங்கே அனுப்பி வைக்கிறார்கள். தொகுப்பு யாரிடம் இருக்கிறது என்ற பெருமையை விட்டுக்கொடுத்தால்தான் இது முடியும். நம்மில் சிலருக்கு அதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பார்வையாளர் எண்ணிக்கையையும் தொகுப்பின் நீளத்தையும் காட்டித்தான் அடுத்த வருட நிதியைக் கேட்கிறோம் என்னும்போது, ஒரு நல்ல தொகுப்பைப் பக்கத்துக் காப்பகத்துக்குக் கை காட்ட யாருக்கும் மனம் வராது. அதனால்தான் இந்தப் பேச்சை நிதி தருகிறவர்கள் இருக்கும் அமர்விலேயே பேச வேண்டும் என்கிறேன். தொகுப்பை விட்டுக்கொடுத்த காப்பகத்துக்கு நிதி குறையாது என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும்.

ஆவணங்களுக்குப் படிகளை, அதாவது நகல்களை, எடுத்து வேறு வேறு இடங்களில் வைப்பதும் இந்தப் பங்கீட்டில் சேரும். 1922இல் டப்ளின் நகரில் அயர்லாந்தின் பொது ஆவண அலுவலகம் எரிந்தது. பல நூற்றாண்டுப் பதிவுகள் போயின. நூறு ஆண்டுகள் கழித்து அவற்றில் ஒரு பகுதியையாவது மெய்நிகர் காப்பகமாகத் திரும்பக் கட்ட முடிந்ததற்குக் காரணம், பிற காப்பகங்களில் இருந்த படிகளும் குறிப்புகளும்தான். 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுவடிகளில் பலவற்றுக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருக்கவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1973இல் படைவீரர் ஆவண மையம் தீப்பிடித்தபோது 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. படியும் இல்லை, நுண்படமும் (மைக்ரோஃபிலிம்) இல்லை, அட்டவணையும் இல்லை. யாருடைய கோப்பு போயிற்று என்று சொல்வதற்குக்கூட ஒரு பட்டியல் இருக்கவில்லை. விவரப் பட்டியல் எழுதும் ஆளுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் தீயைத்தான் சொல்வேன்.

ஒலிநாடா விஷயம் இதைவிட அவசரம். காந்த நாடாக்களைக் காப்பாற்ற 2025ஐக் கெடுவாகக் கொள்ள வேண்டும் என்று ஆஸ்திரேலிய தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015லேயே எச்சரித்தது. யுனெஸ்கோவின் துணையோடு 2019இல் உலகளாவிய எச்சரிக்கைத் திட்டமும் தொடங்கப்பட்டது. நாடா கெட்டுப்போவது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரியது, நாடாவை ஓட்டும் தரமான கருவிகள் பெரும்பாலும் தயாரிப்பில் இல்லை, உதிரி பாகமும் எளிதில் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெறுகிறார்கள். 60 நிமிட கேசட்டைக் கணினிக் கோப்பாக மாற்ற 60 நிமிடம் ஓட்டித்தான் ஆக வேண்டும். வேகப்படுத்தி முடித்துவிடும் வேலை இல்லை. அசிட்டேட் படச்சுருள்களோ, டப்பாவைத் திறந்தவுடன் காடி நெடி அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதில் உண்டாகும் அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். ஈரம் குறைந்த குளிரில் வைத்தால் அதைத் தாமதப்படுத்தலாம். இதற்கு ஒவ்வொரு சிறிய காப்பகமும் தனித்தனியாகக் கருவி வாங்குவது வீண். மண்டலத்துக்கு ஒரு பட்டறை, நல்ல நிலையில் உள்ள சில கருவிகள், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆள், ஒரு குளிர் அறை. எல்லாருடைய நாடாக்களும் முறை வைத்து அங்கே வரட்டும். எதை முதலில் மாற்றுவது என்பதை உள்ளடக்கத்தையும் சிதைவின் அளவையும் வைத்து முடிவு செய்யலாம். யாருடைய காப்பகம் பெரியது என்று பார்க்கக் கூடாது.

இனி மின்னுருவாக்கம், அதாவது தாள்களை ஸ்கேன் செய்து கணினிக் கோப்பாக்குவது. நிதி தருகிறவர்களுக்கு இதுதான் மிகவும் பிடித்தது. எனக்கும் அதன் பயன் தெரியும். தொலைவில் இருக்கும் ஒரு மாணவர், பயணச் செலவில்லாமல் ஒரு தீர்மானப் புத்தகத்தைப் படிக்க முடிகிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏ4 அளவுத் தாள் ஒன்றை 300 டிபிஐ தரத்தில், வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 26 எம்பி. ஒரு லட்சம் பக்கங்களுக்கு 2.6 டெராபைட். குறைந்தது மூன்று படிகளாவது வேண்டும், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஆக சுமார் 8 டெராபைட். வாங்கும்போது இது பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் வன்தட்டு சில வருடங்களில் பழுதாகும், மாற்ற வேண்டும். கோப்புகள் கெடாமல் இருக்கின்றனவா என்று காலாகாலத்தில் செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஓட்டிப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க ஒருவர் வேண்டும். திட்ட மானியமோ இரண்டு வருடத்தில் முடிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு காப்பகத்தில் மானியப் பணத்தில் ஸ்கேன் செய்து முடித்தார்கள். அறிக்கையும் போயிற்று. ஒப்பந்த ஊழியர்கள் போனார்கள். பிறகு ஓர் ஆய்வாளர் கேட்டு வந்தபோது, வன்தட்டு திறந்தது, படங்களும் இருந்தன. ஆனால் கோப்புப் பெயர்கள் வெறும் வரிசை எண்கள். எந்த எண் எந்தத் தாள் என்ற அட்டவணை, போய்விட்ட ஊழியர் ஒருவரின் கணினியிலேயே தங்கிப்போயிருந்தது. ஆயிரக்கணக்கான படங்களில் வேண்டிய கடிதத்தைத் தேடுவது இயலாமல், மூலப் பெட்டியையே மறுபடி திறந்து கொடுத்தார்கள். அங்கே யாரும் வேலையில் அலட்சியமாக இருக்கவில்லை. பணம் முடிந்த நாளில் வேலையும் நின்றது, அவ்வளவுதான்.

ஆகவே நிதி தருகிறவர்களிடம் கேட்கிறேன். ஸ்கேன் செய்யத் தருகிற ஒவ்வொரு மானியத்திலும், திட்டம் முடிந்த பிறகான பராமரிப்புக்கென்று ஒரு பகுதியை ஒதுக்குங்கள். கருவிக்குத் தருவதைப்போல விவரப் பட்டியல் எழுதும் ஆளுக்கும் தாருங்கள். பட்டியல் போடாத தொகுப்பை ஸ்கேன் செய்யப் பணம் கேட்டால், முதலில் பட்டியலுக்குத் தருகிறோம் என்று சொல்லுங்கள். சிறிய காப்பகங்கள் மூன்று நான்கு சேர்ந்து ஒரே விண்ணப்பமாகப் போட இடம் கொடுங்கள். இப்போது விண்ணப்பப் படிவமே தனி நிறுவனத்தை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் தணிக்கை அறிக்கை முதல் அளவீட்டு அட்டவணை வரை தயாரிக்க யார் உட்காருவார்கள்? ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிக்கும் முறையையும் யோசியுங்கள். ஒரு தொகுப்பைப் பிரித்து அடுக்கியவருக்கு அதைப் பற்றித் தெரிந்த விவரம் எந்தப் பட்டியலிலும் முழுதாக ஏறுவதில்லை. அவர் வேறு வேலை தேடிப் போனால் அதுவும் கூடவே போகிறது.

காப்பாளர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. நன்கொடையாளரிடம் தொகுப்போடு பணத்தையும் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். கேளுங்கள். வசதி இல்லாதவரிடம் கேட்க வேண்டாம், அவருடைய தாள்கள் அதனால் நின்றுவிடவும் கூடாது. ஆனால் ஒரு நிறுவனம் தன் ஐம்பது வருடப் பதிவுகளை நம் தலையில் இறக்கும்போது, அலமாரிக்கும் ஆளுக்கும் ஒரு தொகை தாருங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. மறுக்கவும் தெரிய வேண்டும். மறுக்கும்போது, இதை எடுத்துக்கொள்ளக்கூடிய காப்பகம் இது என்று சொல்லி அனுப்ப வேண்டும். அப்படிச் சொல்ல நம் கையில் ஒரு பட்டியல் வேண்டும். நம் கொள்கைக்குப் பொருந்தாமல் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவற்றை, எழுதி வைத்த விதிப்படி, கொடுத்தவரிடமும் தெரிவித்து, பொருத்தமான இடத்துக்கு மாற்றவும் தயங்கக் கூடாது. ரகசியமாகச் செய்தால்தான் அது துரோகமாகும்.

கூட்டத்தின் முடிவில் வழக்கம்போல ஒரு தீர்மானம் நிறைவேறும். இந்த முறை அதோடு ஓர் அட்டவணையையும் இணையுங்கள். இடப்பக்கம் துறைகள், அமைப்புகள், வட்டாரங்கள். நடுவில் அதை எடுத்துக்கொள்ளும் காப்பகத்தின் பெயர். வலப்பக்கம் அதற்கு ஒரு வருடத்துக்கு ஆகும் செலவும், அதை யார் தருகிறார்கள் என்பதும். நடுவில் பெயர் இல்லாத வரிகளும், வலப்பக்கம் தொகை இல்லாத வரிகளும் நிறைய இருக்கும். இருக்கட்டும். அவற்றைக் காலியாகவே அச்சிடுங்கள், அடுத்த கூட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

முதல் வரியை எழுத எங்கள் காப்பகம் தயார். சங்கங்களின் பதிவுகளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் எங்களால் முடியாது, குளிர் அறை எங்களிடம் இல்லை. இப்போது வைத்திருப்பவற்றையும் மண்டலப் பட்டறை அமைந்தால் பட்டியலோடு ஒப்படைத்துவிடுகிறோம். எங்கள் நிர்வாகத்திடம் இதற்கு ஒப்புதல் வாங்கியாயிற்று. வரைவு அட்டவணையைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பி வைக்கிறேன், திருத்திக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
ஒரு சிறிய காப்பகத்தின் ஆவணக் காப்பாளர்